குருதிக்கொடையும் ஈரலழற்சித் தடுப்பும்

உயிரைக் காத்தற்கு எழுந்த மருத்துவமுறையே சிலவேளை நோயைப் பரப்பும் வாயிலாதலும் உண்டு. ஒருவர் குருதியை மற்றொருவர்க்கு ஏற்றும் முறை இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் பெருவழக்காயிற்று. மடியவேண்டிய பலர் அதனாற் பிழைத்தனர். ஆயின், பிழைத்தவருட் சிலர் பின்னர்ச் செங்கமாரியால் வருந்தினர். குருதியேற்றி ஒன்று முதல் நான்கு மாதங்களுள் அந்நோயுற்ற எழுவரைப்பற்றி அமெரிக்க மருத்துவர் போல் பீசன் 1943ஆம் ஆண்டில் எழுதினார்.

நோய்க்காரணி இன்னதென அறியப்படாத அக்காலத்தில் அதனைத் தடுப்பது எவ்வாறு? கரற் அலன் என்னும் சத்திரவைத்தியர், விலைக்கு வாங்கிய குருதியே மிகுந்த தீங்கு விளைக்கின்றதெனப் பன்முறை எடுத்துரைத்தார். வறுமையாற் குருதியை விற்க வந்தவர் தம் நோயை மறைத்தற்குக் காரணமிருந்தது. ஈய வந்தவர்க்கோ அஃதில்லை.

1965இல் பரூக் புளூம்பேர்க் குழுவினர், அவுஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் குருதியிற் புதியதொரு புரதத்தைக் கண்டமையை வெளியிட்டனர். அது பீ வகை ஈரலழற்சி வைரசிற்குரியதென்பது பின்னர்த் தெளிவாயிற்று. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவன மருத்துவமனையில், 1970 அளவில், விலைக்குருதி விலக்கப்பட்டு, அப்புரதத்தைக் காணும் சோதனையும் தொடங்கப்பட்டது. அங்கு இருதய சத்திரசிகிச்சையின்போது குருதியேற்றப்பட்டோருள் அதற்குமுன் நூற்றுக்கு 30 பேரளவில் ஈரலழற்சியுற்றனர். பின்னர் அத்தொகை 10 அளவிற்குத் தாழ்ந்ததென ஹார்வி ஓல்ரர் குழுவினர் கண்டனர். நோயுற்றோருட் சிறுபான்மையோரே பீ வகையினாற் பீடிக்கப்பட்டிருந்தமையின், இத்தாழ்விற் பெரும்பங்கு கொடையாளரை மாற்றியமையாலேயே விளைந்ததாகும்.

எஞ்சிய நோயாளரிடத்து ஏ, பீ என்னும் இருவகையும் இல்லை என்பது 1975இற் புலப்பட்டது. சீ வகை வைரசினை மைக்கேல் ஹௌற்றன் குழுவினர் கண்டறிந்து 1989இல் வெளியிட்டனர். மறுவருடமே அதற்குரிய குருதிச்சோதனை வழக்கிற்கு வந்தது. 1990களின் இறுதியில், அச்சோதனை நடைபெற்ற நாடுகளிற் குருதியேற்றலால் வரும் ஈரலழற்சி மிக அருகிற்று. புளூம்பேர்க் 1976இலும், ஓல்ரர், ஹௌற்றன், சாள்ஸ் றைஸ் ஆகிய மூவரும் 2020இலும் நோபல் பரிசு பெற்றனர்.

சோதனைகள் இத்துணை நுண்மையுற்ற பின்னரும் ஓர் இடைவெளி உளது. வைரசு உடலிற் புகுந்த தொடக்க நாட்களில் எச்சோதனையும் அதனைக் காட்டாது. அந்நாட்களிற் குருதி ஈய வருபவர், கேட்கப்படும் வினாக்களுக்கு உண்மை கூறுதலே நோயாளிக்குக் காவலாகும். விலை பெறாது கொடுப்போரிடத்தேதான் அவ்வுண்மையை மிகுதியும் எதிர்பார்த்தல் கூடும். ஆதலின், கொடை என்பது இங்கு அறம் மாத்திரமன்று. மருத்துவப் பாதுகாப்பின் முதற்படியுமாம்.