கே.எஸ். கிருஷ்ணனின் படிகக் காந்தவியலும் இன்றைய ஸ்பின் மின்னணுவியலும்

கோவில்பட்டிக் கரிசல் நிலப்பரப்பிற்கு வடமேற்கே, மேற்குத்தொடர்ச்சி மலையடிவாரத்து வத்திராயிருப்பில் 1898 டிசம்பர் 4ஆம் நாள் பிறந்தவர் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன். 1928இல் வெளிப்பட்ட இராமன் விளைவில் பங்கேற்றவர் என்றே அவர் பெரிதும் நினைவுகூரப்படுகிறார். அவரது தனித்த பங்களிப்பு அதன்பின் தொடங்கிய படிகக் காந்தவியலில் அமைந்துள்ளது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

1928 இறுதியில் டாக்கா பல்கலைக்கழகத்தில் சேர்ந்த கிருஷ்ணன், படிகங்களின் காந்தப் பண்பு திசைக்கேற்ப வேறுபடுவதைத் துல்லியமாக அளக்க முற்பட்டார். சிறு படிகமொன்று மெல்லிய குவார்ட்ஸ் இழையில், சீரான காந்தப்புலத்தினுள் தொங்கவிடப்பட்டது. இழையின் மேல்முனையை முறுக்கிக்கொண்டே செல்லும்போது படிகம் சிறிது சிறிதாகத் திரும்பி, ஒரு நிலையில் சட்டெனப் புரளும். அதுவரை முறுக்கிய கோணத்திலிருந்து இரு திசைகளுக்கிடையிலான காந்த ஏற்புத்திறன் வேறுபாடு கணக்கிடப்பட்டது. நாப்தலீன் போன்ற கரிமப் படிகங்களில் மூலக்கூறுகள் எவ்வாறு சாய்ந்துள்ளன என்பதை அறியவும் இத்தகைய அளவீடுகள் உதவின. 1933இல் கல்கத்தா திரும்பிய பின்னரும் இவ்வாய்வு தொடர்ந்தது. 1940இல் அவர் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்.

திசை பற்றிய இவ்வினா இன்று வேறொரு தளத்தில் எழுந்துள்ளது. எதிர்ஃபெரோ காந்தங்களில் அண்டை அணுக்களின் காந்தத் திருப்புதிறன்கள் ஒன்றையொன்று ஈடுசெய்வதால் நிகரக் காந்தம் சுழியாகும். அவற்றை விளக்கிய லூயி நீல், 1970இல் நோபல் பரிசு பெற்ற வேளையிலும் அவற்றுக்குப் பயன்பாடு தென்படவில்லை என்றே கருதினார். 2022இல் ‘ஆல்டர்காந்தம்’ என்னும் புதிய வகை முன்மொழியப்பட்டது. இதிலும் நிகரக் காந்தம் சுழியே. ஆயினும் எதிரெதிர் ஸ்பின் கொண்ட எலக்ட்ரான்களின் ஆற்றல் நிலைகள், எலக்ட்ரான் செல்லும் திசைக்கேற்பப் பிரிகின்றன. புறக்காந்தப் புலத்தால் எளிதில் கலையாததும் விரைந்து இயங்குவதுமான நினைவகக் கருவிகளுக்கு இது வழிவகுக்கும் என எதிர்பார்க்கப்படுகிறது.

மாங்கனீசு டெலூரைடில் இப்பிரிவு 2024இல் சோதனைவழிக் காட்டப்பட்டது. முதன்மை எடுத்துக்காட்டாகக் கருதப்பட்ட ருத்தேனியம் டைஆக்சைடிலோ காந்த ஒழுங்கு உள்ளதா என்பதே பின்வந்த அளவீடுகளால் ஐயத்திற்குள்ளாயிற்று.

கிருஷ்ணனை ஆல்டர்காந்தத்தின் முன்னோடி எனக் கூறுவது மிகையாகும். அவர் அளந்தது வேறு பண்பு. எனினும், தூய ஒற்றைப் படிகத்தைத் திசைதோறும் அளந்த பின்னரே முடிவுக்கு வருதல் வேண்டும் என்னும் அவரது ஆய்வுநெறி, ருத்தேனியம் டைஆக்சைடு பற்றிய இன்றைய விவாதத்திற்கும் பொருந்துகிறது. அவரை இராமன் விளைவின் துணைவராக மட்டும் பதிவுசெய்யும் வரலாறு இந்நெறியைத் தவறவிடுகிறது.