இருக்கை யாருக்கு?

விளக்குகள் மெல்ல மங்குகின்றன. மேடைக்கு முன்னே, பள்ளத்தில் அமர்ந்திருக்கும் இசைக்குழுவினர் ஒருமுறை சுருதி கூட்டிக்கொள்கின்றனர். திரை விலகுகிறது, பாட்டு எழுகிறது. இசைநாடகத்தை நேரில் காணும் இன்பம் தனி இன்பம். அதை இசைத்தட்டு தராது, திரைப்படமும் தராது. பாடுகிறவர் அடுத்த அடிக்கு மூச்சு வாங்குவதுகூட நம் செவியில் விழுகிறது. ஆயிரம் பேர் ஒரே நொடியில் சிரிக்கிறார்கள். ஒரே நொடியில் கண் கலங்குகிறார்கள். பக்கத்து இருக்கையில் அமர்ந்திருப்பவர் யார், எவர் என்று நாம் அறியோம். ஆயினும் அவர் விடும் பெருமூச்சும் நாம் விடும் பெருமூச்சும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

கலை மனிதரை ஒன்றாக்குகிறது என்று முழங்குவோர் இந்த இன்பத்தைத்தான் சான்றாகக் காட்டுவர். நாமும் கல்லூரி நாட்களில் அப்படித்தான் எழுதினோம். கட்டுரைப் போட்டியில் பரிசும் பெற்றோம்! பின்னர் நாடக அரங்குகளின் வரலாற்றைப் புரட்டியபோது ஒரு கேள்வி நம்மை உறுத்தியது. அந்தப் பக்கத்து இருக்கை இருக்கிறதே, அதில் அமர யாருக்கு உரிமை இருந்தது?

அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனுக்குச் செல்வோம். குடியரசுத் தலைவர் வாழும் வெள்ளை மாளிகைக்கு அருகிலேயே, பென்சில்வேனியா அவென்யூ என்னும் பெருந்தெருவில், 1835-ல் தோன்றிய நாடக அரங்கு ஒன்று உண்டு. நேஷனல் தியேட்டர் என்பது அதன் பெயர். தேசத்துக்குரிய அரங்கு என்று பொருள். தேசத்துக்குரிய அந்த அரங்கில், தேசத்தின் குடிமக்களாகிய கருப்பர்களுக்கு மட்டும் இருக்கை இல்லை!

1927-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள், அந்த அரங்கில் ‘ஷோ போட்’ என்னும் இசைநாடகம் முதன்முதலாக மேடையேறியது. எட்னா பெர்பர் எழுதிய நாவலைத் தழுவி ஆஸ்கார் ஹாமர்ஸ்டைன் உரையாடலும் பாடலும் எழுத, ஜெரோம் கெர்ன் இசையமைத்த நாடகம் அது. மிசிசிப்பி ஆற்றில் ஊர் ஊராகச் சென்று நாடகம் நடத்தும் ஒரு படகுதான் கதைக்களம். அதுவரை அமெரிக்க இசைநாடகம் என்றால் அழகியரின் ஆட்டம், அசட்டுச் சிரிப்பு, இடையிடையே சில பாட்டு என்றே பெரும்பாலும் இருந்தது. ‘ஷோ போட்’ அந்தப் போக்கை மாற்றியது. மூட்டை சுமக்கும் கருப்பனின் களைப்பையும் பாட்டாக்கி மேடையில் ஏற்றியது.

அந்த நாடகத்தில் ஒரு காட்சி. ஜூலி என்பவள் படகுக் குழுவின் தலைமை நடிகை. பார்வைக்கு வெள்ளைப் பெண்; கணவன் ஸ்டீவ் வெள்ளையன். அவள் உடலில் கருப்பின இரத்தமும் கலந்திருக்கிறது என்ற செய்தி கசிந்துவிடுகிறது. வெள்ளையனும் கருப்பினத்தவளும் மணந்து வாழ்வது அந்த மாநிலத்தில் குற்றம். கைது செய்ய ஷெரிப் வருகிறான். அவன் வந்து சேர்வதற்குள் ஸ்டீவ் கத்தியை எடுத்து மனைவியின் கையைக் கீறி, அந்தக் குருதியை உறிஞ்சிவிடுகிறான். “என் உடலிலும் இப்போது கருப்பு இரத்தம் இருக்கிறது” என்கிறான். ஒரு சொட்டு இருந்தாலே அவன் கருப்பன் என்பதுதானே அவர்கள் வகுத்த நியாயம்? அந்த நியாயத்தை வைத்தே அவர்களை மடக்குகிறான். சட்டம் வாயடைத்துப் போகிறது. ஆயினும் என்ன? வெள்ளையர் கூடும் அவையில் இனி இவர்கள் நடிக்கலாகாது என்று விரட்டப்பட்டு, இருவரும் படகைவிட்டு இறங்கிச் செல்கின்றனர்.

அன்று நாடகம் முடிய நள்ளிரவும் கடந்துவிட்டது. ஒரு சொட்டுக் குருதிக்காகத் துரத்தப்படும் பெண்ணின் கதையை, அந்த ஒரு சொட்டு உடையவருக்கு இருக்கை தராத அரங்கில் அமர்ந்து கண்டனர் வாஷிங்டன் சீமான்கள். மேடையிலே கருப்பினப் பாடகர் கூட்டம். எதிரே வெள்ளையர் கூட்டம். இரண்டுக்கும் நடுவே இசைக்குழு அமர்ந்த பள்ளம் மட்டுமா இருந்தது?

மேடையும் மாசற்றதாக இல்லை. குவீனி என்னும் கருப்பினச் சமையற்காரியாக அந்நாளில் நடித்தவர் டெஸ் கார்டெல்லா என்னும் இத்தாலிய வழி வந்த வெள்ளைப் பெண்மணி. முகத்தில் கரி பூசிக்கொண்டு நடித்தார். இந்தக் கரி பூசும் வழக்கம் நூறாண்டுப் பழமை உடையது. 1830 அளவில் டி. டி. ரைஸ் என்னும் வெள்ளை நடிகன் கரி பூசிக்கொண்டு, கருப்பரைக் கேலி செய்து ஆடிய ஆட்டத்தின் பெயர் ‘ஜிம் குரோ’. பிற்காலத்தில், கருப்பரை இரயிலிலும் பள்ளியிலும் உணவு விடுதியிலும் ஒதுக்கி வைத்த சட்டங்களுக்கு அதே பெயர் நிலைத்தது. ஒரு கொடுமைக்கு நாடக மேடையிலிருந்தே பெயர் கிடைத்திருக்கிறது! கலையைத் தெய்வமாக்கித் தேங்காய் உடைப்போர் இதையும் கொஞ்சம் எண்ணிப் பார்க்கட்டும்.

இதே நாடகம் 1928-ல் இலண்டன் ட்ரூரி லேன் அரங்கில் நடந்தபோது, ஜோ என்னும் கருப்பினத் தொழிலாளியாகப் பாடி அவ்வூரையே ஆட்கொண்டவர் பால் ராப்சன். மறு ஆண்டே அதே இலண்டனில், புகழ்பெற்ற விடுதி ஒன்றின் உணவுக்கூடத்தில் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. பாட்டுக்குக் கைதட்டிய நகரம் பந்தியில் இடம் தரவில்லை.

மீண்டும் வாஷிங்டனுக்கு வருவோம். 1933-ல் ‘கிரீன் பாஸ்ச்சர்ஸ்’ என்னும் நாடகம் நேஷனல் தியேட்டருக்கு வந்தது. நடிகர் அனைவரும் கருப்பர், பார்வையாளரோ வெள்ளையர். கருப்பின மக்கள் கொதித்தனர், கண்டித்தனர். நாடகமோ நடந்தது. வழக்கம் வென்றது.

மூன்றாண்டுகள் கழித்து, 1936 மார்ச்சில் அங்கே வந்தது ‘போர்கி அண்டு பெஸ்’. ஜார்ஜ் கெர்ஷ்வின் இசையமைத்த நாடகம். தென் கரோலைனா மாநிலத்துச் சார்ல்ஸ்டன் நகரில், மீனவரும் கூலிகளும் வாழும் சேரியொன்றின் கதை. அந்நகரத்து வெள்ளை எழுத்தாளரான தூபோஸ் ஹேவர்டின் நாவல்தான் மூலம். 1934 கோடையில் கெர்ஷ்வின் அந்நகருக்கு அருகிலுள்ள தீவில் தங்கி, அங்கு வாழும் கல்லா மக்களின் பாட்டையும் கைத்தாளத்தையும் கேட்டுக் கேட்டு எழுதினார். ஆட்டு வண்டியில் செல்லும் முடவனான பிச்சைக்காரன் போர்கி. அவன் அன்புக்கு ஆளாகும் பெஸ். இந்நாடகத்தில் வெள்ளைப் பாத்திரங்களும் உண்டு. ஆனால் அவர்கள் பேசுவார்களே தவிரப் பாடமாட்டார்கள். பாட்டெல்லாம் சேரி மக்களுக்கே!

கருப்பரின் வாழ்வை வெள்ளையர் எழுதலாமா என்ற வழக்கு அன்றே எழுந்தது. இது கருப்பர் தந்த இசைநாடகம் அன்று, கருப்பரைப் பற்றிக் கெர்ஷ்வின் கொண்ட எண்ணம் என்று கருப்பின இசைவாணர் ஹால் ஜான்சன் 1936-லேயே விமரிசித்தார். அந்த வழக்கில் நியாயம் உண்டு. சூதும் கள்ளும் கத்திக்குத்தும் மட்டுமா கருப்பர் வாழ்க்கை? எனினும் இங்கே நாம் சொல்ல வந்தது மேடைமேல் நடந்ததை அன்று. மேடைக்குப் பின்னே நடந்ததை.

போர்கியாக நடித்தவர் டாட் டங்கன். அதே வாஷிங்டனில் உள்ள ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் இசை கற்பித்த ஆசிரியர். (ஆசிரியர் என்றதும் நமக்குக் கொஞ்சம் பெருமிதம் வரத்தான் செய்கிறது, பொறுத்தருள்க.) பெஸ்ஸாக நடித்தவர் ஆன் பிரவுன். அருகிலுள்ள பால்ட்டிமோரில் பிறந்தவர். அவ்வூர் இசைக் கல்லூரி நிறம் பார்த்துக் கதவை அடைத்ததால் நியூயார்க் சென்று பயின்றவர். இருவருக்கும் இது சொந்த மண். டங்கனின் மாணவரும், அவரோடு பணிபுரியும் ஆசிரியரும் அந்த நகரத்திலேதான் வாழ்ந்தனர். அவர்கள் வந்து காண முடியாத மேடையில் நாம் பாடுவதா? பாடமாட்டோம் என்றனர் இருவரும்.

எளிதாகச் சொல்லிவிட்டோம். அந்த ஆண்டை நினைத்துப் பாருங்கள். பொருளாதாரப் பெருவீழ்ச்சியின் காலம். வேலையிழந்தோர் தெருவில் நின்ற காலம். நியூயார்க்கில் 124 முறை மட்டுமே நடந்து, முதல் போட்டவர்களுக்கு நட்டத்தைத் தந்துவிட்டுச் சுற்றுப்பயணம் கிளம்பியிருந்தது நாடகம். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தனர் நடிகர்கள். கருப்பினப் பாடகருக்குப் பெரிய இசையரங்குகள் கதவைத் திறவாத அந்நாளில், கையில் கிடைத்த தலைமை வேடத்தை உதறுவது என்றால் வாழ்க்கையையே பணயம் வைப்பது என்று பொருள்.

அரங்கத்தார் பேரம் பேசினர். பகல் காட்சிகளில் மட்டும் கருப்பரை அனுமதிக்கிறோம் என்றனர். முடியாது என்றார் டங்கன். சரி, எல்லாக் காட்சிகளுக்கும் வரட்டும், மாடியில் தனியே அமரட்டும் என்றனர். அதற்கும் முடியாது என்றார். சீட்டு வாங்கியவர் எந்த இருக்கையை வாங்கினாரோ, அந்த இருக்கையில் அமரவேண்டும். அதற்குக் குறைந்த எதையும் அவர் ஏற்கவில்லை. ஆதிக்கம் எப்போதும் ஒரேயடியாக மறுப்பதில்லை. கால் பங்கு தரும், பிறகு அரைப் பங்கு தரும், நன்றி சொல் என்று கையை நீட்டும். அந்த அரைப் பங்கைத் திருப்பிக் கொடுக்க நெஞ்சுரம் வேண்டும். டங்கனிடமும் ஆன் பிரவுனிடமும் அது இருந்தது. இறுதியில் அரங்கம் பணிந்தது.

மார்ச் 16 முதல் 21 வரை ஒரே ஒரு வாரம். கருப்பரும் வெள்ளையரும் ஒரே வரிசையில், கை கையோடு உரச அமர்ந்து நாடகம் கண்டனர். கூரை இடிந்து விழவில்லை. மிசிசிப்பி பின்னோக்கிப் பாயவில்லை. பாட்டு நடந்தது, கைதட்டல் நடந்தது.

நாடகக் குழு மூட்டை கட்டிச் சென்றது. பழைய வழக்கம் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. ஆம், அந்த ஒரு வாரத்துக்குத்தான் சலுகை! மூன்றாண்டுக்குப் பின், 1939-ல், அதே நகரில் மரியன் ஆண்டர்சன் என்னும் மாபெரும் பாடகிக்கு இசைக்கூடம் மறுக்கப்பட்டது. ஏப்ரல் 9-ஆம் நாள் அவர் லிங்கன் நினைவுச் சின்னத்தின் படிகளில் நின்று, திறந்த வெளியில், 75,000 பேர் கேட்கப் பாடினார் என்பதை உலகம் அறியும். கெர்ஷ்வினின் இசை கேட்டு அந்த நகரத்தின் மனம் மாறிவிட்டது என்று யாரேனும் சொல்வாரானால், இடைப்பட்ட ஆண்டுகளை அவர்கள் மறந்துவிட வேண்டியிருக்கும்.

மாற்றியது எது? 1936-ல் இருவர் சொன்ன ‘மாட்டோம்’ என்ற சொல்லைப் பத்தாண்டுக்குப் பின் ஒரு சங்கமே சொல்லியது. நடிகர்களின் தொழிற்சங்கமான ‘ஆக்டர்ஸ் ஈக்விட்டி’, கருப்பரை விலக்கும் வாஷிங்டன் அரங்கில் தன் உறுப்பினர் நடிக்கமாட்டார் என்று 1947-ல் முடிவெடுத்தது. அரங்கத்தார் அப்போதும் அசையவில்லை. கருப்பரை அமர்த்துவதைவிட நாடகத்தையே விட்டுவிடுவோம் என்று, 1948-ல் நேஷனல் தியேட்டரைத் திரைப்படக் கொட்டகையாக்கிவிட்டனர்! பிடிவாதத்துக்கு இதைவிடச் சான்று வேண்டுமா? நான்காண்டுக் காலம் அந்த மேடையில் நாடகம் இல்லை. சங்கமும் விட்டுக்கொடுக்கவில்லை. 1952 மே மாதம், ‘கால் மீ மேடம்’ என்னும் இசைநாடகத்தோடு அரங்கு மீண்டும் திறந்தபோது, எல்லா இருக்கையும் எல்லோருக்கும் பொதுவாயின.

ஆன் பிரவுன் அதைக் காண அங்கே இல்லை. நிறவெறி சலித்துப்போய் 1948-லேயே நார்வே நாட்டுக்குச் சென்று குடியேறிவிட்டார். 2009-ல் ஆஸ்லோ நகரில் மறைந்தார். டங்கன் 1945-ல் நியூயார்க் நகர ஆப்பெராவில் பாடிய முதல் கருப்பர் ஆனார். முதுமை வரை வாஷிங்டனில் பாட்டுக் கற்பித்து 1998-ல் காலமானார்.

சார்ல்ஸ்டன் நகரம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கதை பிறந்த ஊர். கெர்ஷ்வின் பாட்டுப் பொறுக்கிய ஊர். ‘போர்கி அண்டு பெஸ்’ ஐரோப்பிய நகரங்களில் பாடப்பட்டது. 1955-ல் சோவியத் நாட்டின் லெனின்கிராடிலும் பாடப்பட்டது. சார்ல்ஸ்டனில் மட்டும் பாடப்படவில்லை. கருப்பரும் வெள்ளையரும் சேர்ந்து அமர அந்த ஊரின் வழக்கம் இடம் தரவில்லை. 1964-ல் குடியுரிமைச் சட்டம் வந்த பிறகும் ஆறாண்டுகள் ஆயின. 1970-ல்தான் அங்கே திரை விலகியது. நியூயார்க்கில் முதற்காட்சி நடந்து 35 ஆண்டுகள். ஹேவர்டு மறைந்து 30 ஆண்டுகள். உள்ளூர்க் கருப்பின மக்கள் பலர் மேடையேறிப் பாடினர். தங்கள் தெருவின் கதையைக் கேட்க, அவர்களுடைய சுற்றத்தாரும் வெள்ளையரும் ஒரே கூடத்தில் அமர்ந்திருந்தனர்.