திரத்தோரியா

திரத்தோரியா என்பது இத்தாலியில் ஒரு குடும்பத்தினரால் நடத்தப்படும் எளிய மரபுவழி உணவகம் ஆகும். உரிமையாளரே சமைப்பதும், அவர்தம் குடும்பத்தார் பரிமாறுவதும், அவ்வட்டாரத்தில் அன்று கிடைக்கும் பொருள்களைக் கொண்டு உணவு ஆக்கப்படுவதும் இதன் இயல்புகள். தமிழ்நாட்டில் ஆரோவில்லிலும் இத்தாலிய உணவகம் உண்டு. எனினும் அங்குள்ள உடைமை முறை திரத்தோரியாவிலிருந்து அடிப்படையில் வேறுபட்டது.

பெயரும் வகைகளும்

இச்சொல், உணவு சமைத்து விற்பவரைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து இத்தாலிய மொழிக்கு வந்தது. இத்தாலிய உணவகங்கள் மரபாக மூன்றாகப் பிரிக்கப்படுகின்றன.

* ஒஸ்தேரியா - முதன்மையாகத் திராட்சை மது விற்று, உடன் சிறிது உணவும் வழங்கிய விடுதி.
* திரத்தோரியா - வீட்டுச் சமையலை ஒத்த உணவு வழங்கும் குடும்ப உணவகம்.
* ரிஸ்தொராந்தே - அச்சிட்ட உணவுப் பட்டியலும் பணியாளர்களும் கொண்ட பெரிய உணவகம்.

இன்று இவ்வேறுபாடு பெருமளவு மங்கிவிட்டது. விலை மிகுந்த உணவகங்களும் திரத்தோரியா என்று பெயர் சூட்டிக்கொள்கின்றன.

உணவு வரிசை

தமிழர் விருந்தில் சோறு, குழம்பு, கறி யாவும் ஒரே இலையில் இடம்பெறும். இத்தாலியில் அவை ஒன்றன்பின் ஒன்றாக வரும். முதலில் அந்திப்பாஸ்தோ எனப்படும் முன்னுணவும், அடுத்துப் பாஸ்தா, ரிசோட்டோ அல்லது சூப்பும் பரிமாறப்படும். பின்னர் இறைச்சி அல்லது மீனும் அதனுடன் காய்கறியும், முடிவில் இனிப்பும் காப்பியும் வரும். எல்லாவற்றையும் உண்ண வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பயணிகள் அறிய வேண்டியவை

* நண்பகல் உணவு பொதுவாகப் பிற்பகல் 12.30 முதல் 2.30 வரை கிடைக்கும். இரவு உணவு 7.30 மணிக்குப் பின்னரே தொடங்கும்.
* உண்பவர் ஒவ்வொருவருக்கும் 'கொப்பெர்த்தோ' என்னும் மேசைக் கட்டணம் தனியே சேர்க்கப்படுவது வழக்கம். உரோம் நகரை உள்ளடக்கிய இலாட்சியோ மண்டலம் 2006இல் இதற்குத் தடை விதித்தது.
* அன்பளிப்புப் பணம் கட்டாயமன்று.
* பால் சேர்த்த காப்பியான கப்புச்சினோ காலையில் பருகப்படுவது. உணவுக்குப் பின் பால் கலவாத காப்பியே வழக்கம்.

சரிவும் பாதுகாப்பும்

உரோமின் ஸ்பானியப் படிக்கட்டுகளின் அருகே மெக்டொனால்ட்ஸ் கடை திறக்கப்பட்டதற்கு எழுந்த எதிர்ப்பின் பின்னணியில், 1986இல் கார்லோ பெத்ரீனி தொடங்கிய அமைப்பு 'ஸ்லோ ஃபுட்' இயக்கமாக வளர்ந்தது. எளிய மரபு உணவகங்களைத் தேர்ந்து அறிமுகப்படுத்தும் கையேட்டை இவ்வியக்கம் 1990 முதல் வெளியிட்டு வருகிறது. நாப்போலி நகரின் பீட்சா செய்யும் கலையை யுனெஸ்கோ 2017இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. 2025 டிசம்பரில் புது தில்லியில் நடந்த கூட்டத்தில் இத்தாலியச் சமையல் மரபு முழுமையும் அப்பட்டியலில் இடம்பெற்றது.

ஆரோவில்லில்

ஆரோவில் 1968 பெப்ரவரி 28 அன்று மிர்ரா அல்பாசாவால் (அன்னை) நிறுவப்பட்டது. அங்கு வாழ்வோருள் இந்தியர், பிரெஞ்சுக்காரர், செருமானியர் ஆகியோருக்கு அடுத்த நிலையில் இத்தாலியர் உள்ளனர். குயிலாப்பாளையம் பகுதியில் டான்டோ என்னும் இத்தாலிய உணவகம் விறகு அடுப்பில் சுட்ட பீட்சாவுக்கு அறியப்பட்டது. ஆரோவில்லிலேயே லா ஃபெர்ம் என்னும் தயாரிப்பகத்தில் பாலாடைக்கட்டி செய்யப்படுகிறது.

வழிப்போக்கருக்கு வீட்டு உணவு அளிப்பது இக்கடற்கரைக்குப் புதிதன்று. ஆரோவில்லுக்கு வடக்கே உப்பளங்கள் சூழ்ந்த மரக்காணமே, சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் எனக் கருதப்படுகிறது. அவ்வூர் நுளையர் பாணருக்குச் சுட்ட குழல்மீன் அளிப்பர் என்று அந்நூல் கூறுகிறது.

உடைமை வேறுபாடு

இத்தாலியில் திரத்தோரியா குடும்பச் சொத்தாகும். பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குக் கடையும் சமையல் முறையும் ஒருசேரச் செல்கின்றன. பிள்ளைகள் வேறு தொழிலுக்குச் சென்றால் கடை மூடப்படும், அல்லது பிறர் கைக்கு மாறும்.

ஆரோவில்லில் நிலமும் கட்டடமும் தனியார் உடைமை அல்ல. 1988ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி அமைந்த ஆரோவில் அறக்கட்டளைக்கே அவை உரியவை. அங்குள்ள தொழிலகங்களை நடத்துவோர் அவற்றின் பொறுப்பாளர்களே, உரிமையாளர் அல்லர். இலாபத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அவை பொது நிதிக்கு அளிக்க வேண்டும் என்பது அங்குள்ள நெறி. எனவே அங்கு அடுப்பும் கடையும் மரபுரிமையாக இறங்குவதில்லை. பிள்ளைகளுக்கோ மாணாக்கருக்கோ உடன் பணிபுரியும் சுற்றுப்புறக் கிராமத்தாருக்கோ கைமாற்றக்கூடியது சமையல் அறிவு மட்டுமே.

இவற்றையும் பார்க்க

* ஆரோவில்
* மரக்காணம்
* பீட்சா
* சிறுபாணாற்றுப்படை