எலும்புக்கும் களைப்பு உண்டு

ஒரு கட்டுக்கம்பித் துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரு கைகளாலும் பலங்கொண்ட மட்டும் இழுத்துப் பாருங்கள், அறாது. அதையே ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாகப் பல முறை மடக்குங்கள். சற்று நேரத்தில் ஒடிந்து கைக்கு வந்துவிடும். முதல் மடக்குக்கும் கடைசி மடக்குக்கும் நீங்கள் செலுத்திய விசை ஏறத்தாழ ஒன்றுதான். பின் ஏன் கடைசி மடக்கில் ஒடிந்தது?

காஞ்சிபுரத்தில் குழித்தறியில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. மிதியை அழுத்தும் ஒவ்வொரு முறையும் பாவு இழைகள் மேலும் கீழுமாகப் பிரிந்து இழுபடுகின்றன. ஆயிரம் முறை தாங்கிய பட்டிழை ஆயிரத்தோராவது முறை அறுந்து போகிறது. நெசவாளர் முடிச்சிட்டுவிட்டு வேலையைத் தொடர்கிறார். இயற்பியல் பாடத்தில் இதற்கு 'மீட்சிச் சோர்வு' என்று பெயர். பழைய பாலங்களைக் காலம் கடந்தபின் பயன்படுத்தக் கூடாது என்று அந்தப் பாடத்தில் ஒரு வரி வரும். மாணவர்கள் இரண்டு மதிப்பெண்ணுக்காக அதை மனப்பாடம் செய்வார்கள். ஆனால் அந்த வரி அவர்களுடைய கால்களுக்கும் பொருந்தும் என்று யாரும் சொல்வதில்லை.

இவ்வூரில் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று தறிக்குப் போவதில்லை. சிலர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். சிலர் காக்கிச் சட்டைக்கோ ராணுவத்துக்கோ முயல்கிறார்கள். காவலர் தேர்வில் ஆண்களுக்கு 1,500 மீட்டர் ஓட்டம். ராணுவ ஆள்சேர்ப்பில் 1,600 மீட்டர். அறிவிப்பு வெளியானதும் விடியற்காலை மைதானங்கள் நிரம்பிவிடும். அதுவரை ஓடியே அறியாத இளைஞன் முதல் நாளே நான்கைந்து கிலோமீட்டர் ஓடுகிறான். மூன்று, நான்கு வாரம் கழிந்ததும் கணைக்காலின் உட்புறத்தில் ஒரு வலி தொடங்குகிறது. முதலில் ஓட்டத்தின் முடிவில் மட்டும்; பிறகு ஓடத் தொடங்கும்போதே; பிறகு நடக்கும்போதும். எக்ஸ்ரே எடுத்தால் ஒன்றும் தெரிவதில்லை. "எலும்பில் ஒன்றுமில்லை, ஓடலாம்" என்கிறார்கள் உடன் ஓடுபவர்கள். அவனும் ஓடுகிறான். சில நாட்களில் காலை ஊன்றவே முடிவதில்லை. தேர்வு நாளன்று வீட்டில் இருக்கிறான்.

மருத்துவர்கள் இதை 'ஸ்டிரெஸ் பிராக்சர்' என்பார்கள். நாம் 'தகைவு முறிவு' என்போம். விழாமல், அடிபடாமல் ஏற்படும் முறிவு இது. இதன் வரலாறும் ராணுவத்தில்தான் தொடங்குகிறது.

1855ஆம் ஆண்டு. பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைத்தாப்ட் ஒரு விந்தையைக் குறித்து வைத்தார். நீண்ட அணிவகுப்புகளுக்குப் பிறகு இளம் சிப்பாய்களின் பாதங்கள் வீங்கி வலித்தன. காயம் எதுவும் இல்லை. இறுக்கமான பூட்சால் தசைநார்களின் உறை அழற்சி கண்டிருக்க வேண்டும் என்று அவர் கருதினார். அவரைக் குறை சொல்ல முடியாது. உயிரோடு இருப்பவனின் எலும்பைப் பார்க்க அன்று வழியே இல்லை. நாற்பது ஆண்டுகள் இந்த வீக்கத்துக்குப் பூட்சே பழி சுமந்தது.

1895 நவம்பரில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். இரண்டே ஆண்டுகளில், 1897இல், ஸ்டெக்கோ என்ற ஜெர்மானிய ராணுவ மருத்துவர் வீங்கிய பாதங்களை அந்தக் கதிர்களின் முன் வைத்தார். விரல்களுக்குப் பின்னால் பாதத்தில் நீண்டு கிடக்கும் எலும்புகள் முறிந்திருந்தன! யாரும் அடிக்கவில்லை, எதுவும் காலில் விழவில்லை, நடந்ததனாலேயே முறிந்த எலும்புகள் அவை. 'அணிவகுப்பு முறிவு' என்ற பெயர் நிலைத்தது.

நடந்தால் எலும்பு முறியுமா? இந்தக் கேள்விக்கு விடை சொல்லக்கூடிய ஆராய்ச்சியும் அதே பிரஷ்யாவில்தான் நடந்துகொண்டிருந்தது. ஆனால் மருத்துவமனையில் அல்ல, ரயில்வேயில்.

1842 மே 8 அன்று வெர்சேல்சிலிருந்து பாரிசுக்குத் திரும்பிக் கொண்டிருந்த ரயிலின் எஞ்சின் அச்சு திடீரென ஒடிந்தது. பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தீப்பற்றின. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அத்தனை நாளும் அதே பாரத்தைத் தாங்கிய அச்சு அன்று ஏன் ஒடிய வேண்டும்? ஐரோப்பாவின் பொறியாளர்களை இக்கேள்வி உலுக்கியது. பிரஷ்ய ரயில்வேப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் அச்சுகளைச் சுழலவிட்டு, அவற்றின்மேல் பாரத்தை ஏற்றி, எத்தனை சுற்றில் ஒடிகின்றன என்று ஆண்டுக்கணக்கில் எண்ணினார். 1870 வரை அவர் வெளியிட்ட முடிவுகளின் சாரம் இதுதான்: ஒரே முறை கொடுத்தால் அச்சை ஒன்றும் செய்யாத சிறிய தகைவு, பல லட்சம் முறை திரும்பத் திரும்ப வந்தால் அதை ஒடித்துவிடும். தகைவு குறையக் குறைய, தாங்கும் சுற்றுகளின் எண்ணிக்கை கூடும். இரும்பிலும் எஃகிலும் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே எத்தனை சுற்றானாலும் ஒடிவதில்லை.

இந்தக் கணக்கை நம் மைதானத்து இளைஞனிடம் போட்டுப் பாருங்கள். எடை 60 கிலோ. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் தரை அவன் காலைத் திருப்பித் தள்ளும் விசை உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு. அதாவது 150 கிலோ எடை என்று வைத்துக்கொள்வோம். அடிக்கு ஒரு மீட்டர் என்றால், 5 கிலோமீட்டருக்கு 5,000 அடி. ஒரு காலுக்கு 2,500. வாரம் ஆறு நாள், ஆறு வாரம் ஓடினால் ஒரு காலுக்கு 90,000 அடிகள். ஒவ்வோர் அடியிலும் கணைக்கால் எலும்பு மிக மிகச் சிறிதளவு வளைகிறது. இது வெறும் ஊகமல்ல. 1996இல் பர் என்பவரின் குழு, மனிதரின் கணைக்கால் எலும்பின்மீதே திரிபுமானியைப் பொருத்தி ஓடச் செய்து அளந்தது. கடும் ஓட்டத்திலும் திரிபு ஒரு மீட்டருக்கு 2 மில்லிமீட்டர் என்ற விகிதத்தைத் தாண்டவில்லை. ஒரே வளைவில் எலும்பை முறிக்க இதைப்போல் பல மடங்கு வேண்டும். முறிப்பது வளைவின் அளவு அல்ல, அது திரும்பத் திரும்ப வருவதுதான்.

இதுவரை எலும்பும் அச்சும் ஒன்றே. இனிமேல்தான் வேறுபாடு. அச்சில் விழுந்த விரிசல் பெருகுமே தவிர ஒருநாளும் குறையாது. எலும்போ உயிருள்ள பொருள். 1892இல் ஜெர்மானிய மருத்துவர் வோல்ஃப், தன்மீது விழும் பாரத்துக்கு ஏற்ப எலும்பு தன் அமைப்பை மாற்றிக் கொள்கிறது என்று எழுதினார். எப்படி மாற்றுகிறது என்பது இருபதாம் நூற்றாண்டில் விளங்கியது. நுண்விரிசல் விழுந்த இடத்துக்கு முதலில் எலும்பைக் கரைக்கும் செல்கள் வருகின்றன. பழுதான பகுதியைக் கரைத்துக் குடைந்து எடுக்கின்றன. அவை போனபின் எலும்பைக் கட்டும் செல்கள் வந்து அந்தப் பள்ளத்தை நிரப்புகின்றன. கரைப்பதற்கு ஏறக்குறைய மூன்று வாரம் போதும். கட்டி முடிக்க மாதக்கணக்கில் ஆகும்.

இங்கேதான் சூட்சுமம். பழுதைச் சீர்செய்யத் தொடங்கிய எலும்பு, முதல் சில வாரங்களில் முன்னைவிடப் பலவீனமாக இருக்கிறது! பழைய சுவரை இடித்தாகிவிட்டது; புதிய சுவர் இன்னும் எழவில்லை. அந்த நேரத்தில் தசைகளும் மூச்சும் ஓட்டத்துக்குப் பழகிவிடுகின்றன. இளைஞன் உற்சாகத்தில் வேகத்தைக் கூட்டுகிறான். எலும்புக்கு இது ஆகாத வேளை. வலி முதல் நாளில் வராமல் மூன்று, நான்கு வாரம் கழித்து வருவதற்கு இதுவே பெரிய காரணம். எக்ஸ்ரே ஏன் ஏமாற்றுகிறது என்பதும் இதனால் விளங்கும். தொடக்கத்தில் விரிசல் மயிரிழையினும் நுண்ணியது. அதைச் சுற்றிப் புது எலும்பு திரண்ட பிறகே படத்தில் நிழல் விழும். அதற்கு இரண்டு, மூன்று வாரமாவது ஆகும். சில முறிவுகள் எக்ஸ்ரேயில் கடைசிவரை தெரிவதே இல்லை. இன்று எம்.ஆர்.ஐ. படம் தொடக்கத்திலேயே காட்டிக் கொடுத்துவிடும்.

இது சிப்பாய்களின் நோய் மட்டுமல்ல என்பது நன்கு நிறுவப்பட ஐம்பதுகள் வரை ஆயிற்று. 1958இல் மைக்கேல் தேவாஸ் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர், ஓட்டக்காரர்களின் சாதாரணக் கணைக்கால் வலி என்று தள்ளப்பட்டவற்றில் தகைவு முறிவும் இருப்பதை எடுத்துக் காட்டினார். நீங்களே ஓரளவு வேறுபாடு அறியலாம். கணைக்கால் நெடுகப் பரவிய வலி பெரும்பாலும் எலும்பின் ஓரத்து அழற்சி. ஒரே ஒரு விரல்நுனியால் தொட்டு "இங்கேதான்" என்று காட்ட முடிகிற வலி, அதுவும் இரவில் படுத்தபின்னும் தொடர்கிற வலி, சந்தேகத்துக்குரியது.

சரி, முறிந்தது. மீண்டும் ஓட முடியுமா? தமிழ்நாட்டோடு தொடர்புள்ள ஒருவரின் கதை இதற்கு நல்ல விடை. வேகப் பந்து வீச்சாளரும் ஒருவகையில் ஓட்டக்காரரே. ஓடிவந்து காலை ஊன்றும்போது அந்த விசை முதுகெலும்பு வரை ஏறுகிறது. ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லி 1973இல் மேற்கிந்தியத் தீவுகளில் ஆடியபோது முதுகு வலியால் விழுந்தார். கீழ் முதுகெலும்பில் தகைவு முறிவுகள் இருந்தன. உடலைச் சுற்றி மாவுக்கட்டுப் போட்டார்கள். அவருடைய ஆட்டம் முடிந்தது என்றே பலர் எழுதினர். ஆனால் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் உடற்பயிற்சியியல் அறிஞர் பிராங்க் பைக் படிப்படியான பயிற்சித் திட்டம் ஒன்றை வகுத்துக் கொடுத்தார். 1974-75இல் இங்கிலாந்துக்கு எதிராகத் திரும்பி வந்த லில்லி அந்தத் தொடரில் 25 விக்கெட்டுகள் வீழ்த்தினார். 1987இல் சென்னையில் எம்.ஆர்.எப். வேகப் பந்து வீச்சுப் பயிற்சிக் கூடம் தொடங்கியபோது, கற்றுக்கொடுக்க வந்தவர் இதே லில்லிதான். 2012 வரை அங்கே அவர் தொடர்பு நீடித்தது. தமிழ்நாட்டு வீரர் எல். பாலாஜியும் முதுகெலும்புத் தகைவு முறிவால் 2005க்குப் பின் சில ஆண்டுகளை இழந்தவர். 2009இல் இந்திய அணியில் மீண்டும் இடம்பெற்றார்.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. மாரத்தான் வீராங்கனை பவுலா ராட்கிளிஃப்புக்கு 2008இல் தொடை எலும்பில் தகைவு முறிவு. ஆகஸ்டில் ஒலிம்பிக். போதிய பயிற்சியின்றியே ஓடினார், 23ஆவது இடம். அதே ஆண்டு நவம்பரில், கூடுதலாகச் சில வாரங்கள் கிடைத்தபின், நியூயார்க் மாரத்தானில் முதலாவதாக வந்தார்.

கணைக்கால், பாத எலும்புகளின் சாதாரணத் தகைவு முறிவுக்கு ஓட்டத்தை நிறுத்தி ஆறு முதல் எட்டு வார ஓய்வு வேண்டும். ஓய்வு என்றால் படுக்கை அல்ல. சைக்கிள் மிதிக்கலாம், நீந்தலாம். இதயமும் தசையும் பழக்கம் விடாமல் இருக்கும், எலும்பில் அடியும் விழாது. நம் பக்கத்தில் பலர் ஆந்திரத்துப் புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டு வருவார்கள். என் கருத்தில், விலகாத மயிரிழை முறிவில் எந்தக் கட்டும் செய்கிற பெரிய உதவி, ஓட விடாமல் தடுப்பதுதான். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவதோ, எச்சரிக்கை மணியின் நாக்கைக் கட்டி வைப்பதற்குச் சமம். இடுப்பருகே தொடை இடுக்கில் வலி வந்தால் மட்டும் ஒருநாளும் காத்திருக்கக் கூடாது. தொடை எலும்பின் கழுத்து முறிந்து விலகினால் அறுவை வரை போகும். உடனே எலும்பு மருத்துவரிடம் போய்விடுங்கள்.

வலியின்றி அரைமணி நேரம் வேகமாக நடக்க முடிந்த பிறகே ஓட்டம். முதலில் ஒரு நிமிடம் ஓட்டம், சில நிமிடம் நடை, ஒன்றுவிட்டு ஒருநாள். பழைய இடத்தில் வலி எட்டிப் பார்த்தால் ஒரு படி பின்னால் இறங்க வேண்டும். முதலில் தூரத்தைக் கூட்டி, வேகத்தைக் கடைசியில் கூட்டுவது நல்லது.

ஆனால் ஒரே காரணத்தால் மறுபடி முறிபவர்களும் உண்டு. அவர்களிடம் ஓட்டத்தைவிடச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்க வேண்டும். ஓடுவதற்கேற்ற உணவு இல்லாவிட்டால் எலும்பு கட்டும் வேலையை உடல் தள்ளிப் போடுகிறது. ஓடும் பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோவது இதன் தெளிவான அறிகுறி. பயிற்சியின் பலன் என்று அதை நினைத்துவிடக் கூடாது. அமெரிக்கக் கடற்படையில் பயிற்சி பெற்ற ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தி 2008இல் வெளியான ஆய்வில், கால்சியமும் வைட்டமின் டி-யும் பெற்றவர்களிடம் தகைவு முறிவு 20 சதவீதம் குறைந்திருந்தது.

இஸ்ரேல் ராணுவ மருத்துவர் மில்கிராமும் உடன் பணியாற்றியோரும் 1985இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கவனிக்கத் தக்கது. அவர்கள் தொடர்ந்து கவனித்த 295 புதிய சிப்பாய்களில் 31 சதவீதத்தினருக்குத் தகைவு முறிவு ஏற்பட்டிருந்தது. பிற்பாடு நடைதூரத்தைக் குறைத்து, இரவில் ஆறு மணி நேரத் தூக்கத்தைக் கட்டாயமாக்கியபோது முறிவுகள் பாதிக்கும் மேல் குறைந்தன. 2000இல் அவர்களே மற்றொன்றைக் கண்டார்கள். ராணுவத்தில் சேருமுன் இரண்டு ஆண்டுகளாவது கூடைப்பந்து போன்ற ஆட்டங்கள் ஆடியவர்களிடம் முறிவு மற்றவர்களைவிட ஏறத்தாழ பாதியே! நெடுந்தூரம் ஓடிப் பழகியவர்களுக்குக்கூட இத்தனை பாதுகாப்பு கிட்டவில்லை. ஒரே திசையில் ஒரே மாதிரி விழும் அடியைவிட, குதித்தும் திரும்பியும் பல திசைகளில் விழும் அடிகள் எலும்பைத் தடிக்கச் செய்கின்றன.

அறிவிப்பு வந்த பிறகு ஆறு வாரத்தில் இதைச் சம்பாதிக்க முடியாது. தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டோ, வகுப்புப் பெஞ்சில் உட்கார்ந்தோ பத்து ஆண்டு கழித்த எலும்புக்கு ஓராண்டாவது அவகாசம் வேண்டும். பள்ளியில் விளையாட்டு வகுப்பைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் உண்டு. அந்த வகுப்பில் கபடியோ கைப்பந்தோ ஆடியிருக்க வேண்டிய பிள்ளைகள்தான் சில ஆண்டு கழித்து விடியற்காலை மைதானத்தில் கணைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்கள்.