தங்கவயலின் வெம்மை

வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைப்புத் தேடிக் கோலார் தங்கவயலுக்குச் சென்ற நம்மவர், பாறையோடு மட்டும் போராடவில்லை, வெப்பத்தோடும் போராடினர். 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே கால் வைத்தனர். சில பத்தாண்டுகளில் சுரங்கங்கள் ஆழ்ந்துகொண்டே சென்று, சாம்பியன் ரீஃப் 3,000 மீட்டரையும் தாண்டிற்று. அவ்வாழத்தில் பாறையின் வெப்பநிலை 60 டிகிரி செல்சியஸுக்கும் மேல்.

வெப்பம் என்பது யாது? பொருள்களிலுள்ள நுண்துகள்களின் அசைவேயாம். பாறையில் அவை தத்தம் இடத்திலேயே நின்று அதிர்கின்றன. காற்றிலோ கட்டின்றிப் பாய்கின்றன. சூடான சுவரைத் தீண்டும் காற்றுத்துகள் அவ்வதிர்ச்சியை வாங்கிக்கொண்டு மேலும் விரைகிறது. மேலும், கீழே இறங்கும் காற்று தன்மீதுள்ள காற்றின் பாரத்தால் அமுக்குண்டு தானே சூடேறும். வறண்ட காற்றாயின் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரி. சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பு சுடுவதை அறியாதார் யார்?

சுற்றியுள்ள காற்று உடலைவிடச் சூடாகிவிட்டால் வியர்வை ஒன்றே துணை. வியர்வையின் விரைந்த துகள்கள் ஆவியாய்ப் பிரிந்துபோக, எஞ்சியவை தணிந்து தோலைக் குளிர்விக்கின்றன. காற்றில் நீராவி நிறைந்துவிட்டாலோ, போகும் அளவுக்குத் துகள்கள் திரும்பி வந்து படிகின்றன. வியர்வை ஆறாய் வழியும், உடல் ஆறாது. கல்தூசி நுரையீரலைத் தின்னாதிருக்கத் துளையிடும்போது தண்ணீர் பாய்ச்ச வேண்டும். அத்தண்ணீரே காற்றை ஈரமாக்கியது. வறண்ட வெயிலில் ஏர் பிடித்துப் பழகிய குடியானவருக்கு இது புதிய பகை. பிற்காலத்தில் காற்றைக் குளிர்வித்துக் கீழே செலுத்தும் நிலையங்கள் அமைந்தன. 1902ஆம் ஆண்டில் சிவசமுத்திரத்திலிருந்து 147 கிலோமீட்டர் கம்பி வழியே மின்சாரம் வந்ததைப் பெருமையோடு சொல்கிறோம். அடியில் நின்று வியர்த்த உடல்களையும் அந்தப் பெருமைக் கணக்கில் சேர்ப்பதே முறை என்பது நம் கருத்து.

மேலே ஆலையிலோ வெப்பம் மனிதனுக்குப் பணி செய்தது. பொடித்த தாதுவிலிருந்து பொன்னைக் கவர்ந்த பாதரசம், வாலையில் 357 டிகிரியில் ஆவியாகிப் பிரிந்தது. அவ்வாவியைக் குளிர்வித்தால் மீண்டும் பாதரசம். எஞ்சிய பொன் 1,064 டிகிரியில் உருகி, அச்சில் ஆறிக் கட்டியாயிற்று.

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. நீர் இறைப்பது நின்றபின் குழிகளில் வெள்ளம் ஏறிற்று. அதன் அடித்தட்டு நீரைப் பாறை இன்னும் சுட வைத்துக்கொண்டிருக்கிறது.