பல் பிடுங்கிய வைத்தியம்

ஒரு கருத்து முழுப் பொய்யாக இருந்தால் சீக்கிரம் வெளுத்துவிடும். பாதி உண்மையாக இருந்துவிட்டால்தான் ஆபத்து. வைத்திய சரித்திரத்தில் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. ஈறுகளிலே தொடங்கும் கதை அது.

1910-ம் வருஷம் வில்லியம் ஹண்டர் என்ற லண்டன் டாக்டர், கனடாவிலுள்ள மெக்கில் சர்வகலாசாலையில் ஒரு பிரசங்கம் செய்தார். சீர்கெட்ட பல்லின் மேல் தங்க உறை மாட்டிக் கொள்வது அந்நாளில் பெரிய நாகரிகம். தங்கத்தின் அடியில் சீழ் கட்டி நிற்கிறது, அந்த விஷம் உடம்பெங்கும் பரவி நோய் உண்டாக்குகிறது என்பது ஹண்டரின் வாதம். அமெரிக்க டாக்டர்கள் பலர் அதைப் பிடித்துக் கொண்டார்கள்.

அவர்களில் ஒருவர் ஹென்றி காட்டன். நியூஜெர்ஸியில் டிரெண்டன் அரசாங்க மனநோய் ஆஸ்பத்திரிக்கு 1907 முதல் தலைவர். கல்நெஞ்சர் என்று நினைத்துவிடாதீர்கள். நோயாளிகளைக் கட்டிப்போடும் வழக்கத்தை ஒழித்தவரே அவர்தான். ஆனால், சித்தப் பிரமைக்கும் காரணம் பல்லில் ஒளிந்த கிருமியே என்று அவர் தீர்மானித்துவிட்டார். நோயாளிகளின் பற்களைப் பிடுங்கினார். குணம் தெரியவில்லையென்றால் தொண்டைச் சதையை எடுத்தார். அதற்கும் மசியாவிட்டால் பெருங்குடலையே வெட்டினார். அதில் பலர் மாண்டார்கள். தம் சொந்தப் பிள்ளைகளின் பற்களையும் முன்ஜாக்கிரதையாக எடுக்கச் செய்தார் என்றால், அவருடைய நம்பிக்கையைச் சந்தேகிக்க இடமில்லை. ஆனால் நம்பிக்கை சாட்சியாகிவிடுமா?

சாட்சியைத் தேடிப் போனவர் ஒரு பெண். காட்டனின் குருவான அடால்ப் மேயர், 1924-ல் பில்லிஸ் கிரீனேக்கர் என்ற இளம் டாக்டரை டிரெண்டனுக்கு அனுப்பினார். அவர் நோயாளிகளை ஒவ்வொருவராக விசாரித்தார். சிகிச்சை அதிகம் பெற்றவர்களைவிடக் குறைவாகப் பெற்றவர்களே நன்றாகத் தேறியிருந்தார்கள்! மேயர் அந்த அறிக்கையை வெளியிடவில்லை. சீடனின் மானம் தப்பியது. நோயாளிகளின் பல் தப்பவில்லை. 1933-ல் காட்டன் இறந்த பிறகும் டிரெண்டனில் பிடுங்கல் நின்றபாடில்லை.

கடைசியில் தத்துவம் மதிப்பிழந்தது. கூடவே அதிலிருந்த உண்மையும் குப்பைக்குப் போயிற்று. வாய் வேறு, உடம்பு வேறு என்று வைத்தியர்கள் பாகம் பிரித்துக் கொண்டார்கள்.

1989-ல் பின்லாந்து டாக்டர்கள் சிலர் மாரடைப்பு வந்த 100 பேரின் வாயைச் சோதித்தார்கள். மற்றவர்களைவிட இவர்களுடைய பல்லும் ஈறும் மோசமாக இருந்தன. பழைய கேள்வி மறுபடி எழுந்தது. ஈறு அழன்று புண்ணானால், மெல்லும்போதும் பல் துலக்கும்போதும் கிருமிகள் இரத்தத்தில் நுழைகின்றன. உடம்பு அவற்றோடு போராடுகிறது. அந்த அழற்சியின் அடையாளங்கள் இரத்தத்தில் தென்படுகின்றன. நீரிழிவு ஈற்றைக் கெடுக்கும். கெட்ட ஈறு நீரிழிவை முறுக்கும். ஈற்றுக்கு வைத்தியம் செய்தால் இரத்தச் சர்க்கரை சற்று இறங்குகிறது. ஆனால் இருதய நோய்க்கு ஈறுதான் காரணம் என்பது நிரூபணமாகவில்லை என்று அமெரிக்க இருதயச் சங்கம் 2012-ல் நிதானமாகவே சொல்லிற்று.

இந்த நிதானம் காட்டனிடம் இருந்திருக்கக் கூடாதா? மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினார் அவர். அதற்குப் பின்னால் வந்தவர்கள், மூட்டைப்பூச்சியே கிடையாது என்று சாதித்தார்கள். இன்று பல் வைத்தியர் காரையைச் சுரண்டி ஈற்றைச் சுத்தம் செய்கிறார். பல் அதன் இடத்திலேயே இருக்கிறது.