கார் மெழுகுக்குப் பின்னால ஒரு பனை

வீட்டு வாசல்ல காரைக் கழுவி வாக்ஸ் போடுறோமே, அந்த டப்பாவுல கார்னாபான்னு போட்டிருந்தா அது ஒரு பனையோட பேரு.

பிரேசில் நாட்டு வடகிழக்குல சியாரா, பியாவி மாநிலங்கள் நம்ம ராமநாதபுரம் மாதிரி வறண்ட பூமி. ஓலையில இருக்குற ஈரம் வெயில்ல போயிடாம இருக்க அந்தப் பனை தானே மெழுகு பூசிக்குது. நீளக் கம்பு நுனியில அரிவாள் கட்டி ஓலையை அறுத்து, காயவெச்சு அடிச்சா மெழுகு பொடியா உதிரும். அது உருக 80 டிகிரிக்கு மேல சூடு வேணும். அதனாலதான் வெயில்ல நிக்கிற காருலயும் வழியாது.

1923-ல் டூகோ பெயின்ட் வந்து, கார்கள் கலர் கலரா ஓடுச்சு. அந்தப் பெயின்ட் வெயில்ல மங்கும். மெழுகுக்கு மவுசு கூடுச்சு. 1935-ல் அமெரிக்க மெழுகுக் கம்பெனி முதலாளி எச்.எஃப். ஜான்சன், இந்த மரம் தொடர்ந்து கிடைக்குமான்னு பார்க்க விமானத்துல பிரேசிலுக்கே போனார்.

மரத்தைப் பார்க்க ஆள் போச்சு. ஓலை அறுக்குறவன் கதை வேற. அடிமை மாதிரி வெச்சிருந்த கூலிக்காரங்களை அந்நாட்டு அரசு ஆய்வாளர்கள் இந்தக் காலத்துலயும் மீட்டிருக்காங்க.

வாக்ஸை மெல்லிசா பூசுங்க, போதும். அள்ளி அப்புனா பளபளப்பு கூடாது. அது ஒருத்தரோட வேர்வை.